பன்னிரண்டு நிமிட உத்தமர்

இந்த நாட்டின் பொதுவாழ்வில் பொய்யே பேசாத, மெத்தையில் படுக்காத, தனக்கென்று ஒரு நாற்காலிகூட வைத்துக்கொள்ளாத, உற்றார் உறவினர் ஒருவரையும் அண்டவிடாத ஓர் உத்தமர் வாழ்ந்தார் என்பதை வரலாறு ஒருநாளும் மறக்காது. அவருடைய உரைகள் ஏழு தொகுதிகளாக வந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அரசு அலுவலகங்களில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே அவற்றிலிருந்து இடத்துக்கொரு வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தொகுதிகளின் அட்டையில் இருக்கும் படம் மட்டும் அவருடையது அல்ல; அது தலைவருடையது. தலைவருக்கு மூன்று வீடுகளும் நான்கு மச்சான்களும், அந்த நால்வருக்கும் ஆளுக்கொரு வாரியமும் இருந்தன. உத்தமர் என்று மேலே சொன்னது அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்த எழுத்தரை. அவரும் ஒன்றும் ஆசைப்பட்டு உத்தமரானவர் இல்லை.

எழுத்தரின் அறை கட்சித் தலைமை அலுவலகத்தின் பின்பக்கம், தண்ணீர் மோட்டாருக்கு அடுத்து இருந்தது. மோட்டார் ஓடும்போது உருக்கமாக எதுவும் எழுத வராது என்பதால் கண்டனங்களை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார். தலைவரின் பேச்சு சரியாகப் பன்னிரண்டு நிமிடம் இருக்க வேண்டும். தொலைக்காட்சி நேரலைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்; பதின்மூன்றாவது நிமிடத்தில் சோப்பு விளம்பரம் வந்துவிடும். தலைவருக்கோ பேச்சை முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. படித்தால் உணர்ச்சி கெட்டுப்போகும் என்பார். ஆகவே எழுத்தர்தான் கதவைச் சாத்திக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, தலைவரைப் போலவே தோளைப் பின்னுக்குத் தள்ளி நின்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நெஞ்சைத் தொட வேண்டிய இடத்தில் தொட்டு, முழுவதையும் உரக்க வாசித்து நேரம் பார்ப்பார். இப்படியாக, தலைவர் மேடையில் சொன்ன ஒவ்வொரு ‘நான்’ என்பதும் முதலில் எழுத்தரின் வாயிலிருந்து வந்ததுதான். இதில் ஒரு சிக்கல் இருக்கக்கூடும் என்று பத்து வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

பதினோராம் வருடம் ஒரு நூலகத் திறப்பு விழாவில் தலைவர், தன் வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்றார். நூலகத்துக்கு அப்போது புத்தகங்கள் வந்து சேரவில்லை, அது வேறு விஷயம். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்த நிமிடத்திலிருந்து எழுத்தருக்குப் பொய் சொல்ல வராமல் போயிற்று. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனபோது, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி புதிதாக முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

"காது பெருசாத் தெரியுது."

இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே உங்ககிட்ட யோசிச்சுத்தான் எதையும் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, காதை மறைத்துச் சீவிக்கொண்டு வேலைக்குப் போனாள். பேச்சு எழுதுவதற்கு இதனால் தடை எதுவும் வரவில்லை. எழுதியதை வாசிப்பது வேறு, ஒன்றைச் சொல்வது வேறு என்று எழுத்தரின் நாக்கு தானாகவே பிரித்து அறிந்துகொண்டது.

அடுத்த ஆண்டு, சிமெண்ட் விலை இரண்டு முறை ஏறிய ஆண்டு, தலைவர் எளிமையைப் பற்றிப் பேசினார். தனக்கென்று ஒரு நாற்காலிகூடச் சொந்தமில்லை, கட்டாந்தரைதான் தன் கட்டில் என்றார். கைதட்டல் நன்றாகவே இருந்தது. மறுநாள் காலை எழுத்தர் வீட்டு நாற்காலிகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போயின. பின்னால் கட்டில் போயிற்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொள்ள, கீழ்வீட்டுக்காரர் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துத் திருப்பிவிட்டார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவருக்கு நேரமாகிவிட்டதே என்ற எரிச்சலைத் தவிர வேறு வருத்தம் இல்லை. மகளின் சின்னக் கட்டில் மட்டும் அவளுடையது என்பதால் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே வாரம் தலைவரின் மூன்றாவது வீட்டுக்கு ஒரு தோல் சோபா வந்தது. வாசலில் நுழையாததால் சன்னலை உடைத்து ஏற்றினார்கள். எழுத்தர் எந்த மெத்தையில் படுத்தாலும் அது அவருக்கு அடியிலிருந்து நழுவிச் சுவரோரம் போய் நின்றுகொண்டது. இரண்டு முறை இதைப் பார்த்த மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு தரைக்கு வந்துவிட்டாள்.

"நீ மெத்தையில படு. உன்னை ஒண்ணும் பண்ணாது."

"நீங்க தரையில, நான் மட்டும் மேலயா? பெரிய தியாகி. தள்ளிப் படுங்க."

அந்த ஓர் ஆண்டுதான் அவர்கள் வாழ்ந்ததிலேயே நல்ல ஆண்டு என்று எழுத்தர் பின்னால் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

மூத்த மச்சானுக்குத் துறைமுக வாரியம் கொடுத்தபோது பத்திரிகைகள் கேள்வி கேட்கத் தொடங்கின. உறவைப் பற்றித் தலைவர் ஒரு பேச்சுப் பேசி விஷயத்தை ஒரேயடியாக முடிக்க வேண்டும் என்று செயலாளர் வந்து சொன்னார். செயலாளர் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். அவர் அதைக்கொண்டு தலையைச் சொறிந்தால் யாரோ ஒருவருடைய பத்தி போகப்போகிறது என்று அர்த்தம். இந்தப் பேச்சில் என்ன ஆபத்து இருக்கிறது என்று எழுத்தருக்குத் தெரியும். மனைவியிடமும் சொன்னார். "எழுதிக் குடுங்க, வாய்விட்டு மட்டும் படிச்சிடாதீங்க" என்றாள் அவள். யோசனை சரியானதுதான். ஆனால் எழுத்தர் எழுதிய வாக்கியம் நன்றாக வந்துவிட்டது. "எனக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை, வீதியில் நிற்பவர்களே என் வீட்டார்." இத்தனை வருடத்தில் அவர் எழுதிய வாக்கியங்களில் அது ஒன்றுதான் கையை வைத்தால் சுடுவதுபோல இருந்தது. நேரம் பார்க்காமல் விட்டால் சோப்பு விளம்பரம் குறுக்கே வரும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையான காரணம் அது இல்லை. அந்த வாக்கியம் காதில் எப்படி விழுகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கதவைச் சாத்தினார். கடிகாரத்தைக் கழற்றினார். மெதுவாகத்தான் வாசிக்க நினைத்தார்; அந்த இடம் வந்தபோது குரல் தானாக உயர்ந்தது, கை நெஞ்சுக்குப் போயிற்று.

கூட்டத்தில் அந்த வரிக்கு மட்டும் ஒரு முழு நிமிடம் கைதட்டினார்கள்.

தலைவரின் ஓட்டுநர் அன்று எழுத்தரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். எழுத்தர் மூன்று மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். மனைவி திறந்தாள்.

"யாரு வேணும் சார்?"

"நான்தான்."

"நான்தான்னா? யாரு?"

"உன் புருஷன்."

அவள் கோபப்படவில்லை. மருந்துச்சீட்டைத் தலைகீழாக நீட்டுகிற வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே பொறுமையோடு பேசினாள். "சார், நீங்க வீடு மாறி வந்துட்டீங்க போலிருக்கு. இங்க நானும் என் பொண்ணும் மட்டும்தான் இருக்கோம். பக்கத்து பில்டிங்ல விசாரிச்சுப் பாருங்க." அவளுக்குப் பின்னால் எட்டு வயது மகள் வந்து எட்டிப் பார்த்து, "யாரும்மா இந்த அங்கிள்?" என்றாள். சுவரில் கல்யாணப் படம் இருந்தது. அதில் மனைவி தனியாக, இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றிருந்தாள். வலப்பக்கம் ஸ்டூடியோவின் நீலத் திரைச்சீலை மடிப்பு மடிப்பாக நன்றாகத் தெரிந்தது. எழுத்தர் இறங்கி வந்தபோது ஓட்டுநர் இன்னும் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் உங்களுக்கு சொந்தக்காரனா இல்லாமப் போனது நல்லதாப் போச்சுண்ணே" என்று கதவைத் திறந்துவிட்டார்.

எழுத்தர் எதிர்க் கட்டடத்தில் ஓர் அறை எடுத்தார். அங்கிருந்து பார்த்தால் அந்த வீட்டின் சமையலறைச் சன்னல் தெரியும். ஆறரைக்கு விளக்கு எரியும், ஏழரைக்கு மகள் சன்னலோரம் நின்று பால் குடிப்பாள், ஏழு நாற்பத்தைந்துக்கு அவள் குடிக்காத மீதி தொட்டியில் கொட்டப்படும். இதெல்லாம் அவர் உள்ளே இருந்த காலத்தில் கவனிக்காத விஷயங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மருந்துக்கடைக்குப் போவார். தலைவலி என்று சொல்ல முடியாது, தலைவலி இருக்க வேண்டும். ஆகவே உண்மையிலேயே ஏதாவது வலி வரும்வரை காத்திருந்து போவார். முதல் ஆண்டில் காத்திருக்க வேண்டிய தேவை அதிகம் ஏற்படவில்லை. ஒருமுறை முதுகுவலிக்குத் தைலம் கேட்டார்.

"தரையிலயா சார் படுக்கறீங்க?"

"ஆமா."

"நானும்தான். கட்டில் வாங்கணும் வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன், ஏனோ வாங்கல. இதைத் தேய்ச்சுட்டு வெந்நீர் ஊத்துங்க. வீட்டுல யாராவது இருந்தா தேய்ச்சுவிடச் சொல்லுங்க, நமக்கு நாமே தேய்ச்சா எட்டாது."

வீட்டில் யாரும் இல்லை என்று அவர் சொன்னார். அவள் "அடடா" என்றாள். அடுத்தவருடைய சீட்டை வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுத்தர் தலைவரின் மூன்றாவது வீட்டுக்குப் போனார். தலைவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, தோளில் துண்டோடு, தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். தோல் சோபாவில் இரண்டு மச்சான்கள் இருந்தார்கள். எழுத்தர் நடந்ததையெல்லாம் சொன்னார். சாயம் கண்ணில் இறங்கிவிடும் என்று மூடிவைத்திருந்த கண்ணில் ஒன்றை மட்டும் தலைவர் திறந்தார்.

"அப்படின்னா நான் மேடையில சொன்னது எதுவும் பொய்யில்லைங்கறே?"

"உங்க விஷயத்துல பொய்தாங்கய்யா. என் விஷயத்துலதான் நிஜமாப் போச்சு."

"யாரோ ஒருத்தர் கடைப்பிடிக்கிறாங்கல்ல? அது போதும்ப்பா. எனக்கே இத்தனை நாளா மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு." தலைவர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டார். "கொள்கை வீண்போகல, பாத்தியா."

"அத்தான், அப்போ சிகரெட்டையும் அடுத்த பேச்சுல சேத்துடுங்களேன்" என்றார் இளைய மச்சான். "பாவம், வந்ததுலேர்ந்து இருமிக்கிட்டே இருக்காரு."

தலைவர் மறக்காமல் சேர்க்கச் சொன்னார். அடுத்த வாரம் ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவில், புகையின் பக்கமே தான் போனதில்லை என்றார். அன்றோடு எழுத்தருக்குச் சிகரெட் பற்றாமல் போயிற்று. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனால் அது அணைந்தது. இருமல் நின்றது. இத்தனை ஆண்டுகளில் தலைவர் அவருக்கு நேரடியாகச் செய்த உதவி என்றால் அது ஒன்றுதான்.

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு இடத்தில் அவர் கேட்டுப் பார்த்தார். ஒரு விளம்பர நிறுவனத்தில் அவர்கள் விற்கும் பற்பசையைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டார்கள்; அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு, விட நினைத்தாலும் விட முடியாத ஒரு காரணம் கிடைத்தது. நெசவாலைக்குள் நடந்த ஒரு சின்னக் கூட்டத்தில், தொழிலாளர்களோடு தானும் ஒருவன் என்று காட்டுவதற்காக, "நானும் உங்களை மாதிரி நாற்காலியில சாஞ்சு உக்காந்து டீ குடிக்கிற ஆளுதான்" என்று தலைவர் பேசினார். எழுத்தர் எழுதி, வாசித்து, நேரம் பார்த்த வரி அது. தொழிலாளர்கள் கைதட்டினார்கள். எழுத்தர் அறைக்குத் திரும்பியபோது நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பழைய நாற்காலி அல்ல. முதுகில் பந்தல்காரரின் தொலைபேசி எண் எழுதியிருந்தது. இருந்தாலும் நாற்காலி நாற்காலிதான். கைதட்டலில் போனது கைதட்டலில் திரும்பும் என்பது இதிலிருந்து எழுத்தருக்கு விளங்கியது. வேண்டியது மூன்று: தன் வாசிப்பு, தலைவரின் வாய், கூட்டத்தின் கை. அன்றே உட்கார்ந்து அவர் ஒரு வரி எழுதினார். "எனக்கு ஒரு மனைவி உண்டு, ஒரு மகள் உண்டு. ஊருக்கெல்லாம் உழைத்துவிட்டுப் போய் நிற்கும்போது அந்த ஒரு கதவு எனக்குத் திறக்கவில்லை என்றால், நான் யாருமில்லை."

இந்த வரியை விளையாட்டு விழாவில் சேர்த்தார், கண் மருத்துவமனையில் சேர்த்தார், ஒருமுறை இரங்கல் கூட்டத்தில்கூடச் சேர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் செயலாளரின் சிவப்புப் பென்சில் அதன்மேல் கோடு போட்டது. "உனக்கு என்ன கிறுக்கா? பொண்டாட்டி புள்ளைன்னு ஆரம்பிச்சா ஜனங்களுக்கு மச்சான் ஞாபகம் வரும்யா." திருட்டுத்தனமாகச் செருகவும் வழியில்லை. "வேற ஏதாவது சேத்திருக்கியா?" என்று செயலாளர் கேட்பார். "சேத்திருக்கேன், நாலாம் பக்கம் கடைசியில" என்று எழுத்தரின் வாய் சொல்லிவிடும்.

நான்காண்டுகள் இப்படிப் போயின. மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது அவள் பள்ளியில் பேச்சுப்போட்டி நடந்தது. மூன்றாம் மச்சான் பரிசளிக்க வந்தார். கூட யாராவது போக வேண்டும் என்று எழுத்தரை அனுப்பினார்கள். தலைவரின் புகழ்பெற்ற உரை ஒன்றை ஒப்பிக்க வேண்டும். மகள் கையில் காகிதத்தோடு கடைசி வரிசைக்கு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"அங்கிள், நீங்க கட்சி ஆபீஸ்தானே? ‘உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை’ங்கற எடத்துல எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"மூணு செகண்ட். நெஞ்சைத் தொட்டா நாலு."

"டீச்சர் அந்த எடத்துல அழணும்ங்கறாங்க. எனக்கு அழுகையே வரல அங்கிள். எனக்குத்தான் அம்மா இருக்காங்களே." பிறகு ரகசியம் கேட்பதுபோலக் குனிந்து, "பேச்சு உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்றாள்.

"எழுதினப்போ புடிச்சுது. இப்போ இல்ல."

"ஐயோ, சத்தமாச் சொல்லாதீங்க, வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் நன்றாகப் பேசினாள், நான்கு செகண்ட் நிறுத்தினாள், முதல் பரிசு வாங்கினாள். தலைவர் ஏற்கெனவே சொன்ன வரிக்கு மறுபடியும் பலமாகக் கைதட்டல் விழுந்தபடியால், அதுவரை எப்படியோ எழுத்தரை நினைவில் வைத்திருந்த வெளியூர்ச் சித்தப்பா ஒருவரும் அன்று மாலையோடு மறந்துபோனார்.

மகளுக்குப் பதினைந்து நடக்கும்போது இரண்டாம் மச்சான் கட்டிய பள்ளிக்கூடத்தின் கூரை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட்டது. உள்ளே யாரும் இல்லை. இருந்தாலும், திங்கட்கிழமையாக இருந்திருந்தால் என்ற கேள்வியைப் பத்திரிகைகள் விடவில்லை. மச்சானே இல்லை என்று சொல்லும் கட்டம் தாண்டிவிட்டது, இனி அழுதால்தான் உண்டு என்று ஆலோசகர்கள் முடிவு செய்தார்கள். செயலாளரே தண்ணீர் மோட்டார் அறைக்கு இறங்கி வந்தார்.

"அந்தப் பொண்டாட்டி புள்ளை வரி ஒண்ணு வச்சிருந்தியே, கொண்டா."

"எதுக்கு?"

"தலைவர் குடும்பஸ்தர்னு காட்டணும். பாசம் கண்ணை மறைச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம். நாலாம் பக்கம் வேணாம், நடுவுல வை. ஆறாவது நிமிஷம்."

எழுத்தர் அந்தப் பேச்சை அலுவலகத்தில் வாசிக்கவில்லை. தன் அறைக்கு எடுத்துப் போய், சமையலறைச் சன்னலைப் பார்த்தபடி நின்று, ஐந்து முறை உரக்க வாசித்தார். ஐந்து முறையும் கைதட்டலுக்கு நாற்பது விநாடி சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் வந்தது.

கூட்டம் ஒரு விளையாட்டு மைதானத்தில், பிற்பகலில் நடந்தது. நேர்மைக்கு அடையாளமாக வெறுங்காலில் நின்று பேசுவது என்பது தலைவரின் சொந்த யோசனை. மேடையில் ஈரமான சணல் சாக்கு விரித்திருந்தார்கள். ஆறாவது நிமிடத்தில் அவர் அந்த வரிக்கு வந்தார். வழக்கப்படி முன்னால் படித்துப் பார்க்காதவர் என்பதால், அவருக்கே அது புதிதாக இருந்தது. முதல் பாதியைச் சொல்லிவிட்டு, காகிதத்தை ஒருமுறை உற்றுப் பார்த்து, இரண்டாம் பாதியைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் பேசியதிலேயே மிக நன்றாகப் பேசிய வரி அதுதான் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைகூட எழுதியது. பிறகு கையை உயர்த்தி, கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். கொடி பிடித்திருந்தவர்கள் கொடியைத் தாழ்த்தினார்கள். லாரியில் ஏற்றிவந்த கூட்டம், வந்த வேலையை மறந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவை நினைத்துக்கொண்டு நின்றது. மைதானம் முழுக்க ஒரு செருமல் சத்தம்கூட இல்லை. மூன்று செகண்ட், நான்கு செகண்ட், பத்து செகண்ட் பார்த்துவிட்டுத் தலைவர் கையை இறக்கி அடுத்த வரிக்குப் போனார். பேச்சு பதினொன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி அரை நிமிடம் தொலைக்காட்சி வெறும் மைதானத்தைக் காட்டியது. ஆட்கள் ஒருவரோடொருவர் பேசாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று மாலை ஊரில் யாருக்கும் தொலைபேசி கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் வீட்டைக் கூப்பிட்டதில் இணைப்பகம் திணறிப்போனது.

எழுத்தர் நேராக மூன்றாவது மாடிக்குப் போனார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு தட்டினார். மனைவி திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் புருவம் லேசாகச் சுருங்கியது.

"தைலம் சார்தானே? என்ன சார், கடையில ஏதாவது மாத்திக் குடுத்துட்டேனா?"

"இல்ல."

"டிவியில பேச்சு ஓடுச்சே, கேட்டீங்களா? ‘அந்த ஒரு கதவு’ன்னாரே, அந்த எடத்துல நான் அடுப்பைக்கூட அணைக்காம நின்னுட்டேன். யாரோ எழுதிக் குடுப்பாங்களாமே, அப்படியா?"

"நான்தான் எழுதினேன்."

"நீங்களா!" அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். "உங்க வீட்டுல குடுத்து வச்சவங்க சார்."

அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வரவே, அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான் சாத்தினாள்.

தேர்தலில் தலைவர் முன்னைவிட அதிக வாக்குகளில் ஜெயித்தார். ஆனால் அந்தப் பத்து செகண்ட் மௌனத்தை அவர் மன்னிக்கவில்லை. தன் பொதுவாழ்வில் கைதட்டல் வராத ஒரே வரி அதுதான் என்று செயலாளரைக் கூப்பிட்டுத் திட்டினார். குடும்பம், கதவு, வாசல் ஆகிய சொற்கள் பேச்சுகளில் வரக்கூடாது என்று உத்தரவு போனது. இன்னும் எட்டு ஆண்டுகள் பேசினார். அந்த எட்டு ஆண்டுகளில் எழுத்தர் மது அருந்தாதவராகவும், பிறர் மனதை நோகடிக்காதவராகவும், தனக்கென்று விடுமுறை எடுக்காதவராகவும் ஆனார். பிறகு தலைவர் இறந்துபோனார். நான்கு மச்சான்களும் நான்கு மூலையைத் தூக்கினார்கள். உறவென்று ஒருவரும் இல்லாத மனிதரை மக்களே தூக்கிச் சென்றதாகப் பத்திரிகைகள் எழுதின. சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டிய வாய் அத்தோடு இல்லாமல் போயிற்று. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, மனைவியும் அவளோடு போனாள். போவதற்கு முன் மருந்துக்கடையில் எழுத்தரிடம் சொல்லிக்கொண்டாள், தைலத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள், எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்றாள். சமையலறைச் சன்னலில் இப்போது வேறு யாரோ மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தர் அதையும் பார்க்கிறார். பழகிவிட்டது.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை காலையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, இருக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். போன முறை வந்தபோது, தோலை உரித்துக்கொண்டே, இத்தனை வருடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஏண்ணே, அன்னைக்கு நான் வண்டியில உக்காந்து ரேடியோவுலதான் கேட்டேன். பக்கத்துல இருந்திருந்தா நானாவது தட்டியிருப்பேன். ஒருத்தன் ஆரம்பிச்சாப் போதும், மொத்தக் கூட்டமும் பின்னாலயே தட்டிடும், நாம பாக்காததா? நீங்க மேடையிலதான நின்னீங்க, தலைவருக்கு ரெண்டடி பின்னால. நீங்க ஏண்ணே தட்டல?"

எழுத்தர் சுளையை வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு, காரணத்தைச் சொன்னார். தலைவர் வெறுங்காலில் பேசினார் அல்லவா, அவருடைய செருப்புகள் எழுத்தரிடம் இருந்தன, கைக்கு ஒன்றாக. கீழே வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.